உங்கள் தங்கையைப் பதினைந்து நாள் அழைத்துப் போகவும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியம் என்று எழுத மாட்டேன்; எழுதினால் பொய். சௌக்கியமில்லை என்றும் எழுத மாட்டேன். எழுதினால் 'அப்பவே சொன்னேனே' என்று ஆரம்பித்துவிடுவீர்கள். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் போன் பேசினால் சமையலறை வரைக்கும் கேட்கும். அதோடு போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று வாக்கியம் பேசிவிடுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை சாப்பிடுவதில்லை. எனக்கு ஆபரேஷன் ஆகி இன்றைக்குப் பதினோராம் நாள். வயிற்றை வெட்டிச் சுருக்கியது எனக்கு, பட்டினி கிடப்பது அவள். ஆகவே நீங்கள் வந்து அவளை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய், பதினைந்து நாள் வைத்திருந்து, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, பிறகு கொண்டுவந்து விடவும். இதை வேண்டுகோள் என்று நினைக்க வேண்டாம், புகார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவளைப் பற்றி உங்களிடம் நான் செய்கிற முதல் புகார். அவள் என்னைப் பற்றி எத்தனை செய்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்தே தொடங்குகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் ஒரு காகிதத்தில் பை மாதிரி வரைந்து, நடுவில் ஒரு கோடு போட்டு, 'இவ்வளவையும் எடுத்துடுவோம் ஐயா, மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்கு இருக்கும்' என்றார். நான் நாற்பது வருஷம் பம்ப் ரிப்பேர் செய்தவன். யாரிடமும் போய்க் கைகட்டி நின்று கற்றுக்கொண்டதில்லை. கெட்டுப்போன பம்ப்புகளைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டவன். 'டாக்டர், நாலு அங்குலக் குழாயில் வருவதை அரை அங்குலத்தில் விட்டால் தையலில் ஒழுகாதா?' என்று கேட்டேன். 'ஒழுகாது ஐயா, வரிசையா ஸ்டேப்ளர் பின் அடிச்சிடுவோம்' என்றார். பின் அடித்த குழாய், பசை போட்ட குழாய், கம்பி சுற்றிய குழாய் என்று ஒழுகிய குழாய்களை எல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினேன். மூன்றாவது குழாயில் இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். இதுவரை என் வாழ்க்கையில் யாரும் என் பேச்சை இப்படி நிறுத்தியதில்லை. உங்கள் தங்கைக்கு அந்த மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

கண் விழித்தால் வயிற்றில் ஐந்து ஓட்டை, வலி மட்டும் வலது தோளில். இது என்ன அநியாயம் என்று நர்ஸிடம் கேட்டேன். உள்ளே பார்ப்பதற்காகக் காற்று ஏற்றினார்களாம், அது தோளில் போய் முட்டுகிறதாம், நடந்தால் சரியாகுமாம். பம்ப்பில் காற்றுப் பிடித்துக்கொண்டால் ஒரு திருகைத் தளர்த்திக் காற்றை வெளியே விடுவோம். எனக்கு அப்படித் திருகு எதுவும் வைக்கவில்லை. மருந்துப் பாட்டில் தொங்குகிற கம்பத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அந்த நீளமான வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். இன்னொரு கையை உங்கள் தங்கை பிடித்துக்கொண்டாள். பின்னால் திறந்த அந்த ஆஸ்பத்திரிச் சட்டையை வழி முழுக்க இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தாள். 'எனக்கு வலிக்குது, உனக்கு மானம் முக்கியமா?' என்றேன். 'வலி உங்களுக்கு மட்டும்தான் தெரியும், இது எல்லாருக்கும் தெரியுது' என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருந்து குடிக்கிற சின்னக் கிண்ணம் ஒன்று கொடுத்தார்கள். முப்பது மில்லி. இனிமேல் அதுதான் என் தட்டு, டம்ளர், விருந்து எல்லாம். கால் மணிக்கு ஒரு முறை அதை நிரப்பி, வாய் வாயாக உறிஞ்ச வேண்டும். அவசரப்பட்டு ஒரு மிடறு அதிகமாகப் போனால் நெஞ்சுக்கு நடுவில் செங்கல் மாதிரி நின்றுகொள்கிறது. உணவு ஆலோசகர் என்று ஒரு பெண், என் பேத்தி வயசு இருக்கும், 'தாத்தா, தண்ணீர், வடிகட்டின சூப், அப்புறம் இந்தப் புரோட்டீன் மாவு, இவ்வளவுதான், மெல்லற எதுவும் வேண்டாம்' என்றாள். அந்த மாவைக் கரைத்தால் சுண்ணாம்பு அடித்த வாளியைக் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது. குடிக்கிறேன். நான் ஒன்றைச் செய்கிறேன் என்று சொன்னால் செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. பசி போய்விட்டது. குறையவில்லை, போயே விட்டது. வெட்டி எடுத்த பகுதியோடு சேர்ந்து போய்விடுமாம், நல்லதுதானே என்கிறார்கள். அறுபத்தாறு வருஷம் என்னோடு காலையில் எழுந்து, என்னோடு வேலைக்கு வந்து, மத்தியானம் ஆனால் சட்டையைப் பிடித்து இழுத்த ஒன்று, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. மணி ஒன்றானால் உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறேன். எதுவும் வருவதில்லை. ஆனால் நாக்கு மட்டும் எதுவும் தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான்காம் நாள் பேப்பரில் ஒரு ரொட்டி விளம்பரத்தைப் பார்த்து அழுதேன். இதை நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. ரொட்டிகூட இல்லை, ரொட்டி சுடுகிற அடுப்பு விளம்பரம்.

இனி உங்கள் தங்கையின் விஷயம். வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்தே சமையலறையில் வெங்காயம் வதங்கும் வாசனை நின்றுவிட்டது. 'நீ என்ன சாப்பிட்டே?' என்று கேட்டால், 'அப்பவே ஆச்சு' என்றாள். எப்போது ஆனது என்று நான் பார்க்கவில்லை. நாங்கள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு வந்தவர்கள். கடை வேலை எவ்வளவு இருந்தாலும் மத்தியானம் நான் வருகிற வரைக்கும் அவள் தட்டைக் கவிழ்த்து வைத்திருப்பாள். அவள் தனியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஐந்தாம் நாள் ஒன்று கவனித்தேன். சலவை இயந்திரம் ஒரு நாளைக்கு மூன்று தடவை ஓடுகிறது. இரண்டு பேர் துணிக்கு மூன்று தடவையா? சத்தத்தை உற்றுக் கேட்டேன். நாற்பது வருஷம் மோட்டார் சத்தம் கேட்ட காது இது. சுமையோடு ஓடுகிற மோட்டார் முனகும், சுமையில்லாமல் ஓடுகிற மோட்டார் பாடும். இது பாடியது. வயிற்றில் கட்டியிருந்த பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். இயந்திரத்துக்குள் ஒரு கைக்குட்டைகூட இல்லை, வெறும் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் உங்கள் தங்கை உட்கார்ந்து, ரொட்டியின் காய்ந்த ஓரத்துத் துண்டைத் தின்றுகொண்டிருந்தாள். ரொட்டி உறையைப் பிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதாம். அதற்காக இயந்திரம்.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன பேச வேண்டுமோ அதை நான் பேசவில்லை. 'கரண்ட்டை இப்படி வீணாக்கறியே, உனக்கு அறிவு இருக்கா?' என்றுதான் வாயில் வந்தது. அவள் ரொட்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். இந்த வயதில், சொந்த வீட்டில், திருடி மாதிரி. 'உங்க முன்னாடி எப்படிங்க வாயில வைக்கிறது? தொண்டையில இறங்குமா?' என்று கேட்டாள். 'எனக்குப் பசியே இல்லை, நீ சாப்பிட்டா எனக்கென்ன?' என்று சொல்லி, இன்றிலிருந்து மேசையில் என் எதிரேதான் சாப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

அதுதான் நான் செய்த பெரிய தப்பு. மறுநாள் மத்தியானம் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். எதிரே நான், என் கிண்ணத்தோடு. முதல் வாயை எடுத்தாள். நான் அவள் தட்டைப் பார்க்கவில்லை, சத்தியமாகச் சுவரில் இருந்த காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் தொண்டை என்னைக் கேட்காமல் எச்சில் விழுங்கியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். கையில் எடுத்ததை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு நின்றதுதான். இப்போது ரொட்டியும் இல்லை, இயந்திரமும் ஓடுவதில்லை. கேட்டால் 'ஆச்சு'. எவ்வளவு கத்தினாலும் 'ஆச்சு'. என்னைப் பிடிவாதக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்களே, உங்கள் வீட்டுப் பிடிவாதத்தை நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.

எடை குறைந்தால் மூட்டு வலி போகும், அதற்காகத்தான் இந்த ஆபரேஷன் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அது முழு உண்மை இல்லை. போன வருஷம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். லேசாகச் சறுக்கினாள் என்று உங்களிடம் சொன்னோம். லேசாக இல்லை. எழுந்திருக்க முடியவில்லை. என்னால் குனிய முடியவில்லை, என் வயிறு விடவில்லை. 'ஈரத் துணியோடு இருக்கேன், யாரையும் கூப்பிடாதீங்க' என்று கெஞ்சினாள். மேல்வீட்டு டீச்சரம்மா பள்ளிக்கூடம் முடிந்து வருகிற வரைக்கும் இரண்டு மணி நேரம், குளியலறை வாசற்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என் கைத்தடியை நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். அடுத்த வாரமே டாக்டரிடம் போனேன். ஆபரேஷன் அதற்காகத்தான் என்று அவளுக்குத் தெரியாது, நீங்களும் சொல்ல வேண்டாம்.

நேற்று மத்தியானம் சமையலறையில் அவளுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரை வியாதி மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் வேறென்ன ஆகும்? மாத்திரையை மட்டும் ஒரு வேளை தவறவிட மாட்டாள், அதில் பெரிய ஒழுங்கு. ஆறு வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. எதற்காக வயிற்றை அறுத்துக்கொண்டேனோ அந்த ஒரு வேலை என் கண் முன்னால் கிடக்கிறது, என்னால் செய்ய முடியவில்லை. சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே இறங்கி, நானும் தரையில் உட்கார்ந்தேன். சர்க்கரையைக் கரைத்து என் கிண்ணத்தில் கொடுத்தேன். வாய் வாயாகக் குடித்தாள். நடுக்கம் நின்றதும், 'உங்க தையல் பிரிஞ்சிடப் போகுது, எழுந்திருங்க' என்று என்னைத் திட்டினாள். யார் முதலில் எழுந்திருப்பது என்று அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

ஆகவே வாருங்கள். நான் தனியாகச் சமாளித்துக்கொள்வேன், கிண்ணத்தை நிரப்பிக் குடிக்க ஆள் தேவையில்லை. அங்கே அவளுக்குத் தனியாகத் தட்டு வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. எதிரே யாராவது உட்கார வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால் போதும் என்பாள். கேட்காமல் வைத்துவிட வேண்டும். ரொட்டியென்றால் ஓரத்துத் துண்டுதான் அவளுக்குப் பிடிக்கும், ஆனால் அதை எடுத்து அடுத்தவர் தட்டில் வைத்துவிடுவாள். இத்தனை வருஷம் என் தட்டில்தான் வைத்தாள். அவளுக்குத்தான் அது பிடிக்கும் என்பது அந்த வாளிமேல் உட்கார்ந்து அவள் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் வீட்டு அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், நன்றாகச் சாப்பிட்டு, நூறு வருஷம் இருக்க என் ஆசிகள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடவும்.

இப்படிக்கு,
ஆறு கிலோ குறைந்தும் கொள்கையில் குறையாத,
உங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: வர வேண்டாம். மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் எட்டிப் பார்த்துவிடுவாள் என்று, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மேசைக்கு முதுகைக் காட்டி, மடியில் பலகை வைத்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடுகிற நேரத்தில் பின்னால் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. 'இப்படித் திரும்பி உட்காரலாம்னு இத்தனை நாளா தோணலையா உங்களுக்கு?' என்றாள். 'இன்னைக்குத்தான் தோணுச்சு' என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். மெல்லுகிற சத்தம் கேட்கிறது. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன், கிழித்தால் என்ன ஏது என்று எழுந்து வந்துவிடுவாள். பேனாவை நிறுத்தினாலும் நான் திரும்பப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வாள். அதனால்தான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அங்கே மழை உண்டா? இங்கே காலையில் லேசாகத் தூறியது, பிறகு விட்டுவிட்டது. யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள். உன் அண்ணனுக்கு என்றேன். 'நான் கேட்டதா எழுதுங்க' என்றாள், அதற்கு மேலும் என்னவோ சொன்னாள். வாய் நிறைய சாப்பாடு இருந்ததால் எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல் என்று நான் கேட்கவில்லை.