பெருமாளின் வண்டியும் அனில்குமாரின் கேமராவும்

சுசீந்திரம்,
திங்கட்கிழமை

பெருமதிப்பிற்குரிய குலசேகரன் அண்ணனுக்கு,

தங்கை பகவதி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். பெங்களூரில் மகள் வீட்டில் தங்கி நீங்கள் செய்துகொண்ட கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் மகிழ்ச்சி. இந்தக் கடிதத்தைச் சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே படித்துவிடவும். கண்ணீர் வந்தால் மருந்து வீணாகும்.

நம் பறவைச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை நடையை என்னிடம் ஒப்படைத்தபோது, "வந்த அஞ்சு பேரே வந்துகிட்டு இருக்கோம், ஊருல உள்ள எல்லாரும் வரணும்" என்று சொன்னது நீங்கள்தான். 'எல்லாரும்' என்பதை நான் நம்பிவிட்டேன். நேற்று தேரூர் குளத்துக்கு நம் உலகம்மாள் அத்தை வந்தாள், மணக்குடியில் மீன் ஏலம் எடுக்கும் செசிலி வந்தாள், துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் லிஜின் வந்தான். பச்சை உடுப்பு, வாய்க்குப் பூட்டு என்ற சங்கத்தின் இரண்டு விதிகளையும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அத்தை கிளிப்பச்சைப் பட்டில் ஜரிகை மின்ன, தலை நிறையப் பிச்சிப்பூவோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். "நீதானட்டி பச்சை உடுத்தச் சொன்ன?" வாய்ப்பூட்டு, செசிலியைக் காணும்வரை இருந்தது. "மக்கா, நீ யாருக்க மவ?" என்று தொடங்கிவிட்டாள். அதைக் கேட்காமல் நம் ஊரில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கொக்கைப் பார்த்ததாகச் சரித்திரம் உண்டா?

நம் பொருளாளர் அனில்குமார் கோரைக்குள் முழங்கால் சேற்றில் கேமராவோடு மூச்சடக்கி நிற்க, தலைக்கு மேல் கிருஷ்ணப்பருந்து வந்தது. கருடனைக் கண்டால் அத்தை விடுவாளா, படார் படாரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொசு என்று நினைத்து லிஜினும் தன் கன்னத்தில் அறைந்துகொண்டான். செசிலிக்குப் பொறுக்கவில்லை.

"இது எங்க வள்ளத்துல மீனைத் தூக்குத கள்ளன். இதையா கும்பிடுதிய?"

"ஏட்டி, கள்ளனா இருந்தாலும் பெருமாளுக்க வண்டியாக்கும்."

"அப்பம் வண்டிக்கு டீசல் எனக்க மீனா?"

அத்தை சிரித்த சிரிப்பில் குளமே எழுந்து போய்விட்டது, நாரை, தாழைக்கோழி, அனில்குமார் உட்பட. பறவைகள் அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டன. அவர் திரும்பவில்லை. மாலையில் போன்தான் வந்தது: "இனிமே நடை மெம்பர்களுக்கு மட்டும். உங்க கூட்டத்தை வடசேரி சந்தைக்குக் கூட்டிட்டுப் போங்க."

யோசித்துப் பார்த்தேன் அண்ணா. சங்கத்தில் முதல் வருஷம் முழுக்க நான் வெறும் 'குலசேகரன் தங்கச்சி'. எங்கிருந்தோ வந்த வாத்தின் பெயரெல்லாம் தெரிந்தவர்களுக்கு என் பெயர் தெரியாது. செசிலியின் பெயர் நேற்றே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. போகும்போது, "அடுத்த ஞாயிறும் உண்டுல்லா?" என்று கேட்டாள். இப்போது அவளிடம் நான் என்ன சொல்ல? சண்டை போடவும் எனக்கு வராது. ஆகவே பொறுப்பிலிருந்து விலகுகிறேன். உங்கள் டெலஸ்கோப்பை அனில்குமாரிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.

மதினிக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். கண்ணைக் கசக்காதீர்கள்.

பணிவுள்ள,
பகவதி

பி.கு.: உறையை ஒட்டும்போது அனில்குமாரின் மனைவி லட்சுமிப்ரியா போன் செய்தாள். "அக்கா, உங்க நடையில பேசலாமாமே? கல்யாணமாகி இத்தன வருசத்துல இந்த மனுசன் எனக்கு ஒரு காக்காயைக்கூடக் காட்டினதில்ல. நானும் வாறேன்." வா என்றேன். பின்னாலேயே சேறு உலராத ஒரு குரல்: "அவளைக் கொண்டு விட நானும் வரலாமா?" வரலாம், ஆனால் முதலில் எல்லாரிடமும் பெயர் கேட்க வேண்டும், பறவைக்குப் பெயர் சொல்வதெல்லாம் அப்புறம் என்று சொல்லிவிட்டேன். ஆகவே ராஜினாமாவைப் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். டெலஸ்கோப்பும் அனில்குமாரிடம் போகாது, நேற்றே வாங்கிப்போன செசிலியிடம்தான் இருக்கிறது. கள்ளனைக் கண்காணிக்கிறாளாம்.