மாட்டுங்காவில் நிற்காத பிரெஞ்சு

இன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. டோம்பிவிலியில ட்ரெயின் ஏறணும், மாட்டுங்காவுல இறங்கணும், பிரெஞ்சுப் பேச்சுத் தேர்வு குடுக்கணும். பாஸானா எங்க கால் சென்டர்லயே பிரெஞ்சு டெஸ்க், பகல் ஷிஃப்ட். இல்லைன்னா அதே நைட் ஷிஃப்ட், அதே கருவளையம்.

ஒரு லோக்கல் வந்து நின்னுச்சு. லேடீஸ் டப்பாவுல ஜன்னல் சீட் காலி!

பம்பாய்க்காரி காலி சீட்டைப் பார்த்தா வேற எதையாவது பார்ப்பாளா? பாய்ஞ்சு உட்கார்ந்தேன்.

புக்கை விரிச்சு "லா தாப்ல், லா தாப்ல்"னு முணுமுணுத்தேன். எதிர்ல ஒரு தாராவி அக்கா, கல்யாண்ல மகளைப் பார்த்துட்டு வீட்டுக்குத் திரும்புறவங்க. அசல் திருநெல்வேலிப் பேச்சு.

"என்னம்மா, மந்திரம் ஓதுத?"

"பிரெஞ்சுக்கா. அதுல மேசை பொம்பள."

"அதை எவன் போய்ப் பார்த்தான்?"

அதோட வாயை மூடியிருக்கலாம். விடுவேனா? "மீசையும் பொம்பளதான்க்கா. சேலைதான் ஆம்பள!"

டப்பாவே திரும்பிப் பார்த்துச்சு. நின்னுக்கிட்டிருந்த மராத்தி மாவுஷி, நம்ம சித்தி மாதிரி ஒருத்தங்க, இந்தியில விஷயத்தைக் கேட்டுக்கிட்டு, "எங்க மராத்தியில டேபல் ஆணும் இல்ல, பெண்ணும் இல்ல. நோ டென்ஷன்!"னாங்க.

பல வார்த்தையில கடைசி எழுத்தை வாசிக்கக் கூடாதுன்னேன். அக்கா விடல. "வாசிக்காத எழுத்தை எதுக்கு கடைசில எழுதி வச்சிருக்கான்?"

"அழகுக்காக இருக்கும்க்கா."

"சரி, அந்தப் பாஷையில மாமியாளை நீங்கன்னுதான் சொல்லணுமா?"

"பழகிட்டா நீன்னே சொல்லலாம்."

"எம் மருமவளுக்கு மட்டும் இதைச் சொல்லிக் குடுத்துராத தாயி!"

ஒரே சிரிப்பு. எனக்குத் தலைகால் புரியல. காட்கோபர் போச்சு, குர்லா போச்சு, நான் வகுப்பு எடுத்துக்கிட்டே வர்றேன்.

நம்ம லோக்கல்ல நிக்கிறவங்க உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட முதல்ல கேக்கறது, "எங்க இறங்குவே?" அப்பதானே அந்த சீட்டைப் பிடிக்கலாம்? இன்னைக்கு இத்தனை கேள்வி கேட்டவங்க அதை மட்டும் மறந்துட்டாங்க. குர்லா தாண்டினப்புறம்தான் மாவுஷிக்கு ஞாபகம் வந்துச்சு.

"கஹா உத்ரோகி?"

"மாட்டுங்கா!"



அக்கா தலையில கை வச்சாங்க. "ஏளா, இது ஃபாஸ்ட்டுல்லா! மாட்டுங்காவுல எங்க நிக்கும்?"

சொல்லி வாய் மூடல, ஜன்னல்ல மாட்டுங்கா ஸ்டேஷன் சர்ருனு போகுது!

அடுத்து நின்ன தாதர்ல குதிச்சேன், பாலம் ஏறினேன், ஸ்லோ வண்டி பிடிச்சுத் திரும்பினேன். வேர்த்து விறுவிறுத்து ஓடினா, நேரம் முடிஞ்சு தேர்வு நடத்துற மேடம் பையோட படியிறங்கி வர்றாங்க.

நடந்தது அத்தனையும் மூச்சு வாங்க பிரெஞ்சுலயே கொட்டினேன். சீட்டு, மீசை, மாமியார் எல்லாம். வாழ்க்கையிலயே முதல் தடவையா ஒரு தப்பு கூட வரல!

மேடம் சிரிச்சு சிரிச்சுக் கண்ணைத் துடைச்சாங்க. "பிரமாதமா பேசறீங்க. தேர்வு முடிஞ்சிருச்சு, அடுத்த தடவை வாங்க"ன்னுட்டு டாக்ஸி ஏறிட்டாங்க.

எனக்கு அழுகையே வந்துருச்சு.

பிரெஞ்சு இலக்கணத்துல எல்லா விதிக்கும் விலக்கு உண்டு. ஃபாஸ்ட் லோக்கலுக்குக் கிடையாது.