ஞானக்கண்ணுக்குத் தெரிந்த பல்லி

சிதம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. யூடியூபில் பல லட்சம் பேர் பார்க்கும் 'ஞானக்கண்' செந்தமிழ்செல்வன் நேரிலேயே வந்திருந்தார். நாம் வாயைத் திறக்கவே வேண்டாம். நம் கவலையை அவரே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். டோக்கன் வாங்கும்போது மட்டும் கவலையை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அது அம்மன் பாதத்தில் வைக்கவாம். குரு படிக்கவே மாட்டாராம்.

அம்மன் வாட்ஸ்அப் பார்ப்பதில் கண்ணாயிரத்துக்குச் சந்தேகமே வரவில்லை. காட்டுமன்னார்கோயில் நெல் வியாபாரி அவர். மூட்டைக்குள் கைவிட்டு நாலு மணியைக் கடித்துப் பார்க்காமல் விலை பேச மாட்டார். வீடியோவை மட்டும் அப்படியே விழுங்குவார்.

மகள் பவானிக்குச் சிதம்பரத்தில் பிளஸ் ஒன் படிக்க இடம் கிடைத்திருந்தது. சேர அன்றுதான் கடைசி நாள். "பெண் பிள்ளை கிழக்கே போய்ப் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது" என்று குரு ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார். அவர் வாயால் சரி என்று வராமல் சேர்க்க மாட்டேன் என்று கண்ணாயிரம் பிடிவாதமாக நின்றார். அதனால் பவானியே அப்பா போனில், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பினாள்: மகள் பள்ளி மாறணும், கிழக்கே அனுப்பலாமா?

அவர்கள் முறை வந்தது. குரு கண்ணை மூடினார்.

"பல்லி... ஒங்க பொண்ணச் சுத்தி ஒரு பல்லி. எடம் மாறத் துடிக்குது. கெழக்குச் செவுத்துக்கு வுட்டுடாதீங்க, குடும்பம் தாங்காது."

"ஆமா சாமி, டியூப்லைட்டுக்குப் பின்னால ஒண்ணு கெடக்கு" என்றார் கண்ணாயிரம். ஒரே கைதட்டல். யார் வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால்தான் பல்லி இல்லை?

பவானி மைக்கை வாங்கினாள். "சாமி, நாங்க பள்ளிக்கூடத்தப் பத்தி எழுதுனோம். இங்கிலீஷ் எழுத்துல பள்ளியும் பல்லியும் ஒண்ணுதான். அம்மனுக்கு அனுப்புனத நீங்க எப்படிப் படிச்சீங்க?"

"அவநம்பிக்கை பேசுது" என்றார் குரு.

"செரி. எங்கப்பா இப்ப ஒரு கவலைய நெனைப்பாரு. யாருக்கும் அனுப்ப மாட்டாரு. அதச் சொல்லிட்டீங்கன்னா நான் படிக்கவே போகல."

கண்ணாயிரம் மனதார நினைத்தார். குரு எப்படியாவது சொல்லிவிட வேண்டுமே என்று வேண்டியும் கொண்டார். குருவின் கை, காதில் முடிக்குள் மறைத்திருந்த இயர்போனுக்குப் போனது. அழுத்தினார். மறுபடி அழுத்தினார். மேடைத் திரைக்குப் பின்னாலிருந்து பதற்றமாக ஒரு குரல் கேட்டது: "அண்ணே, மெசேஜ் ஒண்ணும் வரலண்ணே."

இவனை நம்பியா பெற்ற மகளின் படிப்பைக் கெடுக்கப் பார்த்தேன் என்று கண்ணாயிரத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. "பல்லியும் தோஷந்தானே" என்று முன்வரிசையில் ஒருவர் இன்னும் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கூலு மூடுறதுக்குள்ள போயிடலாம், வா" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் டோக்கனோடு நின்ற ஊர்க்காரர் ஒருவர் வழிமறித்தார்.

"என்னா மாமா, எல்லாத்தையும் கரெக்டா சொல்றாராமே?"

"நீ எழுதிக் குடுத்தத ஒனக்கே படிச்சுக் காட்டுவாரு, அதுவும் தப்புத் தப்பா. அதுக்கு வூட்லயே ஒக்காந்து கொஞ்சம் யோசிக்கலாம்யா."