கல்யாணப் பெண்ணுக்கு வேனில் மூன்றாவது வரிசை

கோயமுத்தூர்க்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வழி கேட்கலாம், தண்ணீர் கேட்கலாம், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துத் தரச் சொல்லிக்கூடக் கேட்கலாம். "உங்களுக்கு எது தோதுப்படும்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. "எங்களுக்கென்னங்க, எதுன்னாலும் சரிங்க" என்பார்கள். அந்தப் பதிலை அப்படியே நம்பி ஒரு கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பெருமை எனக்கு உண்டு.

அப்போது நான் சாப்ட்வேர் கம்பெனி ஒன்றில் சேர்ந்த புதிது. கன்ஸ்ட்ரெயின்ட் புரோகிராமிங் என்ற வித்தையை ஆன்லைனில் கற்றுக்கொண்டிருந்தேன். விஷயம் இதுதான்: ஒரு சிக்கலை எப்படித் தீர்ப்பது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும், எந்த நிபந்தனைகளை மீறக் கூடாது என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். சால்வர் என்ற ஒன்று ஆகாத வழிகளையெல்லாம் கழித்துக் கட்டிவிட்டு, ஆகிற வழியைக் கொண்டுவந்து நீட்டும். முதல் பாடமே, எட்டு ராணிகளை ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் சதுரங்கப் பலகையில் உட்கார வைப்பது. கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்தது. அன்றைக்குப் பிடித்தது எனக்குத் தலைக்கனம். கொடியில் துணி காயப் போடுவதைக்கூட நிபந்தனைகளாகப் பார்க்க ஆரம்பித்தேன். (அம்மா வந்து ஒரு அதட்டல் போட்டால்தான் துணி கொடிக்குப் போகும்.)

அந்த நேரம் பார்த்து அக்கா ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வீடு போத்தனூரில். கல்யாணம் மாப்பிள்ளை ஜெரால்டின் பங்குக் கோயிலில், சிங்காநல்லூர்ப் பக்கம். காலை பத்தரைக்குப் பூசை. பன்னிரண்டு மணிக்கு இன்னொரு கல்யாணம் இருக்கிறது, அதை முடித்த கையோடு ஓர் அடக்கப் பூசைக்கு வெளியூர் போக வேண்டும் என்று பங்குச் சாமியார் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் தாமதமாக வந்தால் சாயங்காலம்தான் தாலி. சாயங்காலம் என்றால் மத்தியானப் பிரியாணி என்ன ஆவது, திண்டுக்கல்லுக்கு ரயில் ஏற வேண்டிய மாப்பிள்ளையின் சொந்தங்கள் என்ன ஆவார்கள் என்று அப்பா கவலைப்பட்டுக்கொண்டே இருந்தார்.

ஆட்களைக் கூட்டிவரும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வேன், ரோஜா மாலை போட்டு அலங்கரித்த ஒரு கார், உறவுக்காரர்களுடைய கார் இரண்டு. யார் எந்த வண்டியில், எந்த நேரத்தில், எந்த வரிசையில் ஏற வேண்டும், எந்த வண்டிக்கும் வீண் ஓட்டம் இருக்கக் கூடாது. எனக்கென்றே செய்து வைத்த கணக்கு மாதிரி இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு நிபந்தனை கேட்டேன். குனியமுத்தூர் ஜோஸ்பின் அத்தை எப்ப வந்தாலும் சரி என்றார். உக்கடம் சித்தப்பா எந்த வண்டி அனுப்பினாலும் சரி என்றார். சுங்கத்தில் இருக்கும் மாமாக்கள் இருவரும் எங்கே உட்காரச் சொன்னாலும் சரி என்றார்கள். அக்கா தையல்காரரிடம் ரவிக்கை அளவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நேரத்துக்குக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றாள். இத்தனை சாதுவான மனிதர்களை எந்தச் சால்வரும் கண்டிருக்காது. நொடியில் விடை தந்தது.

அதை அழகாக அட்டவணை போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். கும்பிட்ட கைகளாகவும் உயர்ந்த கட்டைவிரல்களாகவும் வந்து குவிந்தன. அதில் கல்யாணப் பெண் வேனின் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள் என்பதையும், வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு போகப் போகிறாள் என்பதையும் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அலங்காரக் காரை, கேக் பெட்டியோடு சேவியர் பெரியப்பாவுக்கு ஒதுக்கியிருந்தது என் சால்வர். சொல்லாத நிபந்தனை அதற்கு இல்லாத நிபந்தனை. எட்டு ராணிகளை உட்கார வைத்தவளுக்கு ஒரு கல்யாணப் பெண்ணை எங்கே உட்கார வைப்பதென்று தெரியவில்லை. கல்யாணத்தன்று காலையில் அப்பா மட்டும் வேனையும் அக்காவின் வெள்ளைப் பட்டுச் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். கம்ப்யூட்டர் சொன்னால் காரணம் இருக்கும் என்று அம்மா அவரையும் வேனில் ஏற்றிவிட்டார்.

ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம் என்று கணக்கில் போட்டிருந்தேன். குனியமுத்தூரில் வேன் நின்றதும் அத்தை ஓடிவந்தார். கல்யாணக் கோலத்தில் வீட்டு வாசல் வரை வந்த பெண்ணை இறங்க வைக்காமல் அனுப்புவதா? இறங்கினோம். ஜெபம் சொல்லி, எல்லோருடைய நெற்றியிலும் சிலுவை போட்டு, காப்பியும் கொடுத்தார். அக்காவின் பட்டில் சிந்தக் கூடாதே என்று, அவளுக்கு மட்டும் ஆறவைத்து ஸ்பூனில் ஊட்டினார். அந்த அன்புக்கே கால் மணி நேரம் ஆனது.

உக்கடத்தில் சித்தப்பா லுங்கியோடு குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் வீதிக்குத் தண்ணீர் வரும் நாள் அது. இன்றைக்கு விட்டால் இனி என்றைக்கு வருமோ தெரியாது. நான் கிட்டத்தட்ட அழும் குரலில் கேட்டேன்.

"ஏனுங் சித்தப்பா, போன்ல கேட்டப்பவே சொல்லியிருக்கலாமுங்களே?"

"அதெப்படி கண்ணு? ஊட்டுக்கு வண்டி அனுப்பறேன்னு சொல்றவங்ககிட்ட, அந்த நேரத்துல வராதீங்கன்னு சொல்ல முடியுமா?"

பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் குடம் பிடித்தேன். அம்மா பிடித்தார், அத்தை பிடித்தார், வேன் டிரைவரும் பிடித்தார். தலையில் நெட் முக்காடும் கையில் பூச்செண்டுமாகக் கல்யாணப் பெண் வேன் ஜன்னலில் இருந்து மேற்பார்வை பார்த்தாள். பக்கத்து மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு போனவர்கள் நின்று, மனதார வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

சுங்கத்தில் கதை வேறு. வேனில் கால் நீட்ட வசதியான முன் சீட்டு ஒன்றும், கடைசி வரிசையில் ஒன்றும்தான் காலி. மாமாக்கள் இருவருக்கும் முட்டி வலி. இருவரும் எனக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. "நீங்க உக்காருங்க மச்சான்", "இல்லீங்க, நீங்க பெரியவரு" என்று ரோட்டோரத்தில் நின்றபடி ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்தார்கள். பூசை நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. கோயிலில் காத்திருந்த மாப்பிள்ளை ஜெரால்டு மாமா போன் செய்தார். அலங்காரக் கார் வந்ததும் பேண்டு வாத்தியம் முழங்க, பூத்தட்டோடு எல்லோரும் வாசலுக்கு ஓடிப் போனார்களாம். கதவைத் திறந்துகொண்டு சேவியர் பெரியப்பா கேக்கோடு இறங்கினாராம்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அக்காவின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன். அட்டவணையைப் பார்த்தபோதே வேன் வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்று அவளிடமே பாய்ந்தேன்.

"நீ ஆசை ஆசையா பண்ணியிருந்தே. ஒரு சீட்டுக்காக அதைக் கெடுக்கறதான்னு உட்டுட்டேன்" என்றாள் அக்கா. "இப்ப அழுகாத. நீ அழுதா நானும் அழுவேன். மொகத்துல பூசுனதெல்லாம் போயிரும்."

கோயில் வாசலில் வேன் நின்றபோது பன்னிரண்டு மணிக் கல்யாணத்துக் கூட்டமும் வந்து நின்றுகொண்டிருந்தது. அந்தக் கல்யாணப் பெண் ரீட்டாவும் வெள்ளைப் பட்டில் படியோரம் நின்றாள். இனி சாயங்காலம்தான் என்று அப்பா தலையைத் தொங்கப் போட்டபோது, ரீட்டாவின் அப்பா முன்னால் வந்து, தாமதம் ஆகிப்போனவர்கள் முதலில் போகட்டும் என்று வழிவிட்டார். அப்பா பதறிப்போனார். தவறு எங்களுடையது, உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டால் பாவம் என்றார். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றார் அவர். இரண்டு பெண்களும் படியில் ஒரு கால் வைத்து, மற்றவளுக்காகப் பின்வாங்கினார்கள். சுங்கத்தில் பார்த்த அதே காட்சி, இரண்டு குடும்பமும் பேண்டு செட்டுமாகப் பெரிய அளவில். சமமாக இருக்கும் இரண்டில் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் சால்வர் திணறினால், நாம்தான் குறுக்கே ஒரு விதி போட வேண்டும் என்று படித்திருந்தேன். விதி போடும் தைரியம் எனக்கு இல்லை.

சாமியார் பூசை உடையோடு வெளியே வந்தார். இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க உட்டுக்குடுத்து முடிக்கறதுக்குள்ள எனக்கு நாள் முடிஞ்சிருமுங்க. ரெண்டு சோடியும் உள்ள வாங்க. ஒரே பூசையில முடிச்சுப்போடறேன்."

ஒரே பீடத்தின் முன்னால் இரண்டு மாப்பிள்ளைகள், இரண்டு பெண்கள், இரண்டு தாலிகள். பூத்தூவ ஆள் இரண்டு மடங்கு. எங்கள் கூட்டம் பாட்டு மறந்த இடத்தில் அவர்கள் கூட்டம் பாடியது. ஜெரால்டு மாமாவின் சொந்தங்கள் ரயிலைப் பிடித்தார்கள். பிரியாணியும் ஆறவில்லை. கோயிலுக்குள் நான் மறுபடி அழுதது, வேனில் அழுத அழுகை இல்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. அப்பாவும் திட்டவில்லை. அந்த நன்றியில்தான் நான் அந்த வித்தையை விடாமல் படித்து முடித்தேன். இன்று மில்களுக்கு ஷிப்ட் அட்டவணை போட்டுத் தருவதுதான் என் பிழைப்பு. இப்போது யாரிடமும் தோது கேட்பதில்லை. வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஒரு அட்டவணையைக் காட்டிவிட்டு, முகங்களைப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் நிபந்தனைகள் முகத்தில்தான் தெரியும்.

கல்யாண ஆல்பத்தில் இரண்டு மாப்பிள்ளைகள் இருப்பதைப் பார்த்து, இதில் என் அப்பா எவர் என்று அக்கா மகன் வம்புக்கே கேட்பான். கல்யாண நாளன்று இரு குடும்பமும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். போன மாதம் ரீட்டாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அக்காதான் ஞானத்தாய். குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றவளிடம், நீங்கள் இவர்களுக்கு எந்த வழியில் சொந்தம் என்று ஒரு அம்மா விசாரித்தார். அக்கா திரும்பி, கூட்டத்தில் ஒளியப் பார்த்த என்னைக் கை காட்டினாள்.

"என்ற தங்கச்சி அதா நிக்கறா பாருங்க, அவ வழியிலங்க."