ஸ்போர்ட்ஸ் காருக்கு நான்கு கட்டில் பலகைகள்

மனித குலம் கண்டுபிடித்தவற்றிலேயே மகத்தானது எது என்று கேட்டால் நெருப்பு என்பார்கள், சக்கரம் என்பார்கள். பாவம், அவர்கள் என் அக்கா வீட்டுக்காரரின் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். தொட்டும் இருக்கிறேன், சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு.

மச்சான் பல் வைத்தியர். ஊரில் உள்ள கடைவாய்ப் பற்களெல்லாம் பதினெட்டு வருடம் பாடுபட்டு வாங்கித் தந்த கார் அது. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை மூன்றே நொடியில் எட்டும். உச்ச வேகம் முந்நூற்று இருபது. இரண்டே இருக்கை. அதன் வயிற்றுக்கும் தரைக்கும் நாலு விரல் இடைவெளி.

இந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் கொடுக்கிற விலைக்கு ஏற்ற திறனைக் காட்டுகின்றனவா என்று யாரோ ஒரு வயிற்றெரிச்சல்காரர் லிஃப்டில் வைத்து மச்சானிடம் கேட்டுவிட்டார். மச்சானுக்கு மூன்று நாள் தூக்கம் போச்சு. நாலாம் நாள் ஓர் "உயர்மட்ட ஆய்வுக் குழு"வை அமைத்தார். தலைவர் அவரே. தொழில்நுட்ப உறுப்பினர், எதிர் வீட்டு டியூஷன் சார். முப்பது வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர். செயலாளர், அடியேன். என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது, மறுத்துப் பேசும் பழக்கம் இல்லை. இந்த இரண்டும்தான் என் தகுதி.

ஆய்வுக்குப் பயணி ஒருவர் தேவைப்பட்டார். அதிர்ஷ்டவசமாக அக்காவுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு வேலை இருந்தது. அவள் பதினோரு வருடமாக ஒரு கல்லூரியில் "தற்காலிக" நூலகர். அன்று காலை நிரந்தரப் பணிக்கு நேர்காணல். சரியாகப் பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அடுத்த மாதம் அவளுக்கு வயது வரம்பு தாண்டுகிறது. இதை விட்டால் வேறு வாய்ப்பே கிடையாது. கல்லூரி பன்னிரண்டு கிலோமீட்டர்.

"நான் எட்டரை பஸ்ஸுல போய்க்கிறேன்" என்றாள் அக்கா.

மச்சானின் முகம், மரத்துப்போகும் ஊசி போடாமல் பல் பிடுங்கப்பட்டவர் முகம் போல ஆயிற்று. "வாசல்ல இப்படி ஒரு காரை வச்சுக்கிட்டு டாக்டர் பொண்டாட்டி பஸ்ல போனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரும் அதே பஸ்லதாங்க வருவாங்க. நானும் பேசிக்கிட்டே போயிடுவேன்."

டியூஷன் சார் குறுக்கிட்டார். கையில் சாக்பீஸ் இல்லாவிட்டாலும் காற்றில் எழுதிக் காட்டினார். "பன்னெண்டு கிலோமீட்டரை முந்நூத்தி இருபதால வகுத்தா ரெண்டு நிமிஷம் பதினஞ்சு செகண்ட். ஒம்பது அம்பத்தேழுக்குக் கிளம்பினாப் போதும்மா. நாப்பத்தஞ்சு செகண்ட் கையில மிச்சம். அதுல தண்ணி குடிச்சிக்கலாம்."

"சார், நடுவுல சிக்னல் இருக்கு. ஸ்கூல் இருக்கு. ஏழு வேகத்தடை இருக்கு."

"அதெல்லாம் கணக்குல வராதும்மா. வழியில ஒண்ணுமே இல்லைன்னுதான் எடுத்துக்கணும். புஸ்தகத்துல அப்படித்தான்."

அக்கா போட்ட கூச்சலில் "பயணியின் பதற்றத்தை முன்னிட்டு" புறப்படும் நேரம் ஒன்பதேகாலாக மாற்றப்பட்டது. முக்கால் மணி நேரம்! அந்த நேரத்தில் அந்தக் கார் வேறு ஊருக்கே போய்விடும் என்று டியூஷன் சார் அலுத்துக்கொண்டார்.

வேகத்தடையைக் குழு அப்படியொன்றும் மறந்துவிடவில்லை. காரின் வயிறு தட்டாமல் இருக்க, தடைக்கு முன்னும் பின்னும் பலகை போட்டுச் சரிவு உண்டாக்குவது என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தோம். விருந்தாளிகள் படுக்கும் கட்டிலைப் பிரித்து நான்கு பலகைகள் எடுத்தோம். ஸ்கூட்டரை நான் ஓட்ட, டியூஷன் சார் கக்கத்துக்கு இரண்டாகப் பலகைகளை இடுக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வர வேண்டியது. இவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பத்துக்குப் பின்னால் ஒரு கட்டில் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

செவ்வாய் ஒன்பதேகாலுக்கு அக்கா சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்குள் இறங்கினாள். ஏறினாள் என்று எழுத முடியாது. இருக்கை அவ்வளவு பள்ளம். கார் உறுமியது. மூன்றாம் மாடிக் குழந்தை ஒன்று விழித்து அழுதது. கார் பாய்ந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் தெருமுனை வேகத்தடை வந்துவிட்டது. வயிறு தட்டப்போகிறது என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கெல்லாம் எரிய, கார் கீ கீ என்று கத்திக்கொண்டு தானாகவே நின்றது.

நாங்கள் பின்னால் போய்ச் சேர்ந்து பலகை போட்டோம். முன் சக்கரம் ஏறியது. பலகையை எடுத்துப் பின்பக்கம் போட்டோம். "இடது பக்கம் ஒரு நூல் தள்ளணும்!" என்றார் டியூஷன் சார். "நூலா, கயிறா, சரியாச் சொல்லுங்க!" என்றார் மச்சான். கடந்து முடிக்க ஐந்து நிமிடம்.

இரண்டாவது தடையிலும் கார் கத்தியது, நின்றது. மூன்றாவதிலும் அப்படியே. அங்கே பலகை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பஸ் எங்களைத் தாண்டி, சற்றுத் தள்ளி நிறுத்தத்தில் நின்றது. கல்லூரி வழியாகப் போகும் பஸ்.

"என்னைத் தூக்கி விடுங்க!" என்று அலறினாள் அக்கா.

அந்தக் காரிலிருந்து ஒருவரை வெளியே எடுப்பது எளிதல்ல. கதவு மேல்நோக்கித் திறக்கும். பிறகு ஒருவர் கையையும் ஒருவர் தோளையும் பிடித்து இழுக்க வேண்டும். கிணற்றில் விழுந்த குடத்தை எடுப்பது போல நானும் டியூஷன் சாரும் அக்காவை எடுத்து நிறுத்தினோம். அதற்குள் பஸ் போய்விட்டது.

மணி ஒன்பது முப்பத்தைந்து. அக்கா என் ஸ்கூட்டரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"டேய், உன் வண்டியில இருபது நிமிஷத்துல போயிடலாம்டா. ஏத்திக்கிட்டுப் போ."

"நான் வந்துட்டா பலகை யாருக்கா எடுத்துட்டு வருவா?" என்றேன். செயலாளர் என்ற முறையில்.

"கார் இங்கயே கிடக்கட்டுமே!"

மச்சான் ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டார். "மாப்ளே, இப்ப விட்டா ஆய்வு பாதியில நின்னுடும். லிஃப்ட்ல அந்த ஆளு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"பயணி இறங்கினா எடை மாறும். எடை மாறினா முடிவே செல்லாது" என்றார் டியூஷன் சார்.

ஜனநாயகத்தில் நம்பிக்கை உள்ள குழு என்பதால் சாலையோரத்திலேயே வாக்கெடுப்பு நடத்தினோம். அக்காவை ஸ்கூட்டரில் அனுப்பலாம் என்பதற்கு ஆதரவாக ஒன்று. எதிராக மூன்று. அந்த மூன்றில் ஒன்று என்னுடையது. கையைத் தூக்கும்போது அக்காவின் கண் என் கை மேலேயே இருந்தது. எனக்குக் கூசத்தான் செய்தது. ஆனாலும் தூக்கினேன்.

அக்கா ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நாங்கள் தடையைக் கடந்து அவளைத் தாண்டினோம். நாலாவது தடையில் நாங்கள் பலகை போட, அவள் எங்களைத் தாண்டினாள். மறுபடி நாங்கள் அவளை. ஐந்தாவது தடையில் மறுபடி அவள் எங்களை. மச்சான் ஒவ்வொரு முறையும் கண்ணாடியை இறக்கி, "பாத்தியா பிக்கப்பை!" என்றார்.

ஐந்தாவதைத் தாண்டி ஒரு தண்ணீர் கேன் வண்டிக்காரர் அவளுக்காக நிறுத்தினார். காலி கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து அக்கா கண்ணுக்கு மறைந்தாள். அந்த வண்டி ஆய்வு வரம்புக்குள் வராததால் அதன் வேகத்தை நான் குறித்துக்கொள்ளவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து ஆறு. கதவு சாத்தியிருந்தது. தட்டினாளாம். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டதாம், யாரும் திறக்கவில்லையாம்.

அன்று சாயங்காலம் குழு கூடி இறுதி அறிக்கையை ஏற்றுக்கொண்டது. "கார் கொடுத்த விலைக்கு மேலாகவே திறன் காட்டியது. தாமதத்துக்குச் சாலையும், பாதியில் இறங்கிய பயணியின் ஒத்துழையாமையும் காரணம்." மச்சானுக்கு முகமெல்லாம் பல். பயணி கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டிருந்ததால் அக்காவைக் கூப்பிட்டோம்.

அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். அறிக்கையை நின்றபடியே முழுக்கப் படித்தாள். நூலகர் அல்லவா, ஒரு வரி விடவில்லை.

"காரைப் பத்தி எழுதினது சரிதான்" என்றாள். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதை நான் குத்தமே சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் 'என்னால முடியாது, என்னால முடியாது'ன்னு ஊரே கேக்கக் கத்திட்டுத்தான் நின்னுச்சு. மூணு ஆம்பளைங்க இருந்தீங்க. உங்கள்ல ஒருத்தன் வாயில அந்த வார்த்தை வந்துச்சா?"