பொறியை இறக்க ஓர் ஆள்

"அதிகாரிக்கு முன்னாலே போகாதே, குதிரைக்குப் பின்னாலே போகாதே" என்று என் தாய்மாமன் லாசர் சொல்வார். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. எதற்கோ பக்கத்திலே போகாதே என்று வரும். எதற்கு என்பதுதான் மறந்துவிட்டது. ரங்கூனிலிருந்து திரும்பியபோது துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் என் பெட்டியைக் குடைந்தார்கள். அந்த மூன்றாவது வரி அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

ரங்கூனில் நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தவன். அங்கே இருந்த காலமெல்லாம் என்னை யாராவது ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். ரிக்ஷாக்காரன் ஓட்டினான். படகுக்காரன் ஓட்டினான். ஹெட்மாஸ்டர் ஓட்டு ஓட்டென்று ஓட்டினார். தலை நரைக்கத் தொடங்கிய வயதில், ஆழ்வார்பேட்டையில் என் சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது ஒரு மகத்தான தீர்மானம் செய்துகொண்டேன். இனி என்னை யாரும் ஓட்டக் கூடாது. நான்தான் ஓட்ட வேண்டும். வருகிற பாஸ்குத் திருநாளன்று, அதாவது ஈஸ்டரன்று, என் மோட்டாரை நானே ஓட்டிக்கொண்டு போய், பங்கு ஜனங்கள் பார்க்கச் சாந்தோம் கோயில் வாசலில் நிறுத்துவேன். என் மனைவி ஜெசிந்தா பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருப்பாள்.

அடக்கம் என்பது என் தீர்மானத்தில் இருந்தது. அவளை நான் கேட்கவில்லை.

வண்டியைப் பிடித்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சக்கரம் உள்ள எதைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. வண்டி முதலில் ஒரு தோட்டத் துரையிடமும் பிறகு ஒரு பல் டாக்டரிடமும் இருந்ததாம். துரையிடம் முறைப்பும் டாக்டரிடம் பிடுங்கலும் கற்றுக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தது. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். போகும்போது, ஓட்டுகிறவருக்காகத் தனியாக ஒரு பூசை வைக்கட்டுமா என்று கேட்டார்.

ஓட்டுவது கஷ்டமில்லை. கிளப்புவதுதான் கஷ்டம். முன்னால் நின்று, இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். அதற்கு முன் கைப்பிரேக்கு இழுத்திருக்க வேண்டும். கியர்க் குச்சி நடுவிலே நிற்க வேண்டும். ஸ்டியரிங் சக்கரத்துக்கு அடியில், எஞ்சினுக்குள் பொறி எப்போது விழ வேண்டும் என்று சொல்லுகிற ஒரு குட்டி நெம்பு இருக்கிறது. அதை மேலே ஏற்றி வைக்க வேண்டும். ஏற்ற மறந்து சுற்றினால் ஹாண்டில் கழுதை மாதிரித் திருப்பி உதைக்கும். மணிக்கட்டு போய்விடும். எல்லாம் சரியென்றால் சாவியைத் திருப்பிவிட்டுச் சுற்றலாம். எஞ்சின் பிடித்த உடனே அந்த நெம்பை மெள்ளக் கீழே இறக்க வேண்டும். சாமர்த்தியசாலிகள் சுற்றிவிட்டு ஓடிவந்து இறக்குவார்கள். நான் ஓடி வருவதற்குள் என் எஞ்சின் இருமி, திணறி, அணைந்துவிடும்.

ஆகவே பொறியை இறக்க ஓர் ஆள் வேண்டும். ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். சும்மா உட்கார்ந்தால் போதும், சொன்னதைச் செய்தால் போதும் என்றேன். பொறி என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு அர்த்தமும் உண்டு. எலிக்கு வைப்பது. இரண்டு பாஷை படித்தவனுக்கு அது அப்போது தோன்றவில்லை.

அவள் மறுபேச்சில்லாமல் வந்து உட்கார்ந்தாள். அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது ஒரு சந்தேகம் கேட்பாள். காலடியில் இருக்கிறதே, மூன்று மிதி, அது எதற்கு? கிளச்சை மிதிக்காமல் கியர் மாற்றினால் ஏன் கறகறவென்று கத்துகிறது? எனக்கோ வாத்தியார் ரத்தம். கேள்வி கேட்கும் மாணவியைக் கண்டால் வகுப்பு முடிந்த மணி காதில் விழாது. இரண்டு தோசைத் தட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்துக் கிளச்சை விளக்கினேன். கியர் நடுவிலே நிற்பதை 'நடுநிலைமை' என்று மொழிபெயர்த்தேன். வீட்டுச் சண்டையில் புருஷன் இருக்கிற நிலைமை அதுதான் என்றும், சத்தம் வரும், நகர்வு இராது என்றும் உதாரணம் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே என் காப்பியை ஆற்றிக் கொடுத்தாள்.

காலையில் ஒன்றும் மறந்துவிடாமல் இருக்க ஒரு வழியும் கண்டுபிடித்தேன். கோயிலில் மாதா பிரார்த்தனை எப்படி? ஒருவர் முன்னால் சொல்லிக்கொண்டு போக, ஜனங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். அதே ராகத்தில் நான் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று "கைப்பிரேக்கு" என்பேன். அவள் உள்ளேயிருந்து "இழுத்திருக்கு" என்பாள். "கியர்." "நடுவிலே." "பொறி." "மேலே." "சாவி." "திருப்பியாச்சு." பிறகு சுற்றுவேன். வெகு அழகாக இருக்கும். ஆம்ப்ரோஸ் பக்தியோடு தொப்பியைக் கழற்றிவிட்டு மதில்மேல் சாய்ந்து நின்று பார்ப்பார்.

பாஸ்குக்கு முந்திய தபசுகாலம். இறைச்சி இல்லை, மீன்தான். நொச்சிக்குப்பத்திலிருந்து கூடை சுமந்து வருகிற குப்பம்மா ஒரு நாள் இந்த ஆராதனையைப் பார்த்துவிட்டாள். கூடையை இறக்கவுமில்லை, அப்படியே நின்று கேட்டாள்.

"இன்னா நைனா, அம்மா வண்டி மேல குந்திக்கினு கீது, நீ முன்னாடி நின்னு சுத்திக்கினு கீறே. இதுல வண்டிக்காரன் ஆரு?"

நான்தான் என்றேன்.

"அப்ப வண்டில குந்திக்கினு இருக்கிறவங்க?"

அவர்கள் உதவிக்கு என்றேன். குப்பம்மா என்னையும் ஹாண்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அன்றைக்குச் சங்கரா மீனை ஜெசிந்தாவிடமே விலை பேசிக் கொடுத்துவிட்டுப் போனாள். வழக்கமாக என்னிடம்தான் பேசுவாள். எனக்கு விலை பேசத் தெரியாது என்பதால்.

பாஸ்குக்கு ஒரு வாரம் முன்னால் வருகிற குருத்து ஞாயிறுக்கு முந்திய நாள் அது நடந்தது. அதற்கு முதல் நாள் சாயங்காலம் ஆம்ப்ரோஸ் வந்து, உங்கள் கைப்பிரேக்கு கிழடு, வாசலோ சரிவு, கியரில் போட்டு நிறுத்துங்கள் என்று சொன்னார். நானும் அப்படியே நிறுத்தினேன். காலையில் மறந்துவிட்டேன். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்த வயிறு. நினைவும் ஒருசந்திதான் இருந்தது.

"கைப்பிரேக்கு" என்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "கியர்" என்றேன். மறுபடி குரல் வந்தது. "பொறி, சாவி" என்று சேர்த்தே முடித்தேன். சாவியை அன்று நானே முன்கூட்டித் திருப்பி வைத்திருந்தேன். சுற்றினேன். ஹாண்டில் வழக்கத்தைவிடக் கனம். என் பலவீனம் என்று நினைத்துக்கொண்டு பலத்தைக் கூட்டினேன்.

எஞ்சின் பிடித்தது. வண்டி என்னைப் பார்த்து வந்தது.

நான் பின்னால் போனேன், அது முன்னால் வந்தது. திசையில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை, வேகத்தில்தான் இருந்தது. விலகலாம் என்ற யோசனை எனக்கு இரண்டு பாஷையிலும் வரவில்லை. ரேடியேட்டரைக் கட்டிக்கொண்டு கிணற்றுமேடை வரைக்கும் ஊர்கோலம் போனேன். மேடைக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. நின்ற வேகத்தில் நான் மட்டும் கீழே விழுந்து, இடது மணிக்கட்டை மடக்கிக்கொண்டேன்.

அண்ணாந்து பார்த்தேன். ஜெசிந்தாவின் ஒரு கால் கிளச்சில், இன்னொரு கால் பிரேக்கில். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நடுவிலேன்னு சொன்னியே, பார்த்துச் சொன்னியா?" என்று தரையிலிருந்தபடியே கேட்டேன்.

"நடுவிலேன்னு நான் சொல்லலீங்க. 'இருங்க, குச்சி முன்னாடி சாஞ்சிருக்கு'ன்னு சொன்னேன்."

"பதில் வந்ததே."

"பதில் வந்தது. நீங்க ராகத்தைத்தான் கேட்டீங்க." அவள் இறங்கி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "இன்னும் ஒரு முழம் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? ரங்கூன்லேருந்து பத்திரமா வந்து சேர்ந்தது இதுக்கா?"

பிரார்த்தனை நடத்துகிறவன் பதிலைக் காதில் வாங்குவதில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. கோயிலில் அதனால் யாருக்கும் எலும்பு முறிவதில்லை.

டாக்டர் கட்டுப் போட்டு, இடது கையால் எதையும் தொடக் கூடாது என்றார். அன்று சாயங்காலம் ஜெசிந்தா புதுச் சட்டம் போட்டாள். இனிமேல் உள்ளே இருப்பவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துச் சொல்வார். முன்னால் நிற்பவர் கேட்டுக்கொண்டு 'ஆமென்' சொல்வார். ஆமென் இல்லாமல் சுற்றக் கூடாது. நியாயமாகத்தான் இருந்தது. நானும் ஆமென் என்றேன்.

பிறகு பாஸ்குக்கு வண்டி எப்படிப் போகும் என்ற பேச்சு வந்தது. ஆம்ப்ரோஸை ஓட்டச் சொல்லலாம் என்றேன். தண்டவாளம் போட்டுத் தந்தால் ஓட்டுகிறேன் என்றார் அவர். ஜெசிந்தா என் கட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

"சுத்தறதுக்கு வலது கை போதும். அது நல்லாத்தான் இருக்கு. கியர் மாத்தத்தான் இடது கை வேணும். என் இடது கை சும்மாதானே இருக்கு."

"லைசென்ஸ் என்கிட்டதானே இருக்கு?"

"அதோட பக்கத்துல உக்காருங்க."

"உனக்கு ஓட்டத் தெரியாது, ஜெசிந்தா."

"தோசைத் தட்டு ரெண்டையும் வச்சுச் சொல்லிக் கொடுத்தது யாரு?" என்றாள். பிறகு குரல் தணிந்தது. "நீங்க ரங்கூன்ல இருந்தப்போ இந்தக் குடும்பத்தை ஓட்டினது யாரு? கூரை ஒழுகினப்போ, கிணறு வத்தினப்போ, உங்க அம்மா படுத்த படுக்கையா இருந்தப்போ? அதுக்கு லைசென்ஸ் இருக்கான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மாதம் தவறாமல் கடிதம் எழுதினேன். 'அனைவரும் சௌக்கியமென நம்புகிறேன்' என்று. நம்பியதோடு சரி.

அந்த வாரம் முழுவதும் தெருவில் அவள் ஓட்டிப் பழகினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உபதேசம் செய்தேன். என் கியர் எப்போதும் கத்தும். அவள் கியர் கத்தவில்லை. திருநாளன்று லஸ் முனையில் டிராம் ஒன்று குறுக்கே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கோயில் வாசல். ஜனங்கள் திரண்டு பார்த்தார்கள். நான் நினைத்த காட்சி அப்படியே இருந்தது. அடக்கமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மட்டும் நான்.

கட்டு அவிழ்த்த மறுநாள், அவள் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்கு முன்பே நான் போய் ஓட்டுகிற ஸீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஜெசிந்தா வந்தாள். பார்த்தாள். சண்டை வரும் என்று காத்திருந்தேன். அவள் மறுபக்கமாக ஏறிக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "சரி, ஓட்டுங்க" என்றாள்.

வெற்றி இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். தெருவில் ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று.

"ஓட்டலையா?" என்றாள்.

"கிளப்ப வேண்டாமா?"

"கிளப்புங்க."

இறங்கினேன். முன்னால் போனேன். ஹாண்டிலைச் செருகினேன். உள்ளேயிருந்து கைப்பிரேக்கு, கியர், பொறி, சாவி என்று ஒவ்வொன்றாகத் தெளிவாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்னேன். சுற்றினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. பொறி அழகாக இறங்கி, எஞ்சின் தேனாக ஓடிற்று. நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டுகிற ஸீட்டில் ஜெசிந்தா இருந்தாள்.

"பொறியை இறக்க ஆள் வேணுமேன்னு நகர்ந்து உக்காந்தேன்" என்றாள். "நேரமாச்சு, ஏறுங்க."

மதிலருகே நின்ற ஆம்ப்ரோஸுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் வந்து, இப்போது செல்ஃப் ஸ்டார்ட்டர் என்று ஒன்று வந்திருக்கிறது, பழைய வண்டியிலும் பொருத்தித் தருகிறார்கள் என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். ஹாண்டிலும் வேண்டாம், முன்னால் நிற்க ஓர் ஆளும் வேண்டாம்.

"முன்னால ஆளே வேண்டாமா?" என்று ஜெசிந்தா ஆவலோடு கேட்டாள். "அப்போ நான் தனியாவே எங்க வேணும்னாலும் போயிட்டு வரலாமே. சீக்கிரம் போட்டுடுங்களேன், அண்ணே."

செல்ஃப் ஸ்டார்ட்டர் வேண்டாம் என்று நான் ஆம்ப்ரோஸிடம் சொல்லிவிட்டேன்.