ஜாடிக்குக் கிடைச்ச ஜன்னல் சீட்டு

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. திண்டிவனத்துல இருந்து ஒரு ஜாடியை விழுப்புரம் கொண்டுபோய்க் குடுக்கணும்.

நான் பழைய பீங்கான் சாமான் வாங்கி விக்கிற ஆளு. "வாங்குற ஆளுன்னு சொல்லு, விக்கிறதை யாரு பாத்தா"ம்பா என் பொண்டாட்டி. கழுத்தை ஒட்டவச்ச கொக்கு, மூக்கு போன வெள்ளைக்காரி பொம்மைன்னு பீரோ மேல ஒரு கூட்டமே கெடக்கு.

இந்த ஜாடி மட்டும் அசல் சரக்கு. வெள்ளையில நீலப்பூ, மூடியோட. இடிக்கிற வீடு ஒண்ணுல கெடச்சது. ஊறுகா வாடை போகட்டும்னு உள்ள அடுப்புச் சாம்பல் போட்டு வச்சிருந்தேன். விழுப்புரத்துல புது வீடு கட்டின ஒருத்தரு போட்டோ பாத்துட்டு, ஷோகேஸ்ல வைக்கக் கேட்டாரு.

கெளம்பும்போது பொண்டாட்டி சொல்லிட்டா. "இதுவும் விக்காம திரும்பி வந்துச்சுன்னா, மாங்காவை வெட்டி இதுல உப்புத் தண்ணியில ஊறப்போட்டுடுவேன். அதோட உன் யாபாரம் க்ளோஸ்."

மூடி கழண்டுக்கினே இருந்துச்சு. பழைய வெள்ளை வேட்டியைக் கிழிச்சு ஜாடி வாயைச் சுத்திக் கட்டினேன். நெஞ்சோட அணைச்சுக்கினு பஸ் ஏறினேன். போன வாரம்தான் மயிலம் முருகன் கோயில்ல மொட்டை போட்டிருந்தேங்கறது சுத்தமா மறந்துபோச்சு.

பஸ்ல நிக்கவே எடமில்ல. கண்டக்டர் என் மொட்டையைப் பாத்தாரு. ஜாடியைப் பாத்தாரு. குரலைக் கொறச்சு, "கொஞ்சம் எழுந்து எடம் குடுங்கப்பா"ன்னாரு.

ஜன்னலோரம் சீட்டு. பீங்கானோட அருமை தெரிஞ்ச மனுசன்னு நெனச்சேன்.

முன் சீட்டு அம்மா திரும்பினாங்க. "எவ்ளோ வயசுப்பா?"

"நூறு இருக்கும்மா."

"குடுத்து வச்சவரு. கடைசி வரைக்கும் நல்லா இருந்தாரா?"

அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். "ஒரு கீறல் கெடையாதும்மா. தலை மட்டும் லேசா ஆடும்."

"வயசானா ஆடாதா பின்ன? தென்பெண்ணையிலதான கரைக்கப் போறீங்க?"

அப்பதான் வெளங்குச்சு. அஸ்தின்னு நெனச்சுட்டாங்க.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னா எழுந்திருக்கணும். பாதி வழி, விக்கிரவாண்டி கூட இன்னும் வரல. "ஆமாம்மா"ன்னு கண்ணைத் தொடச்சேன்.

அந்த அம்மா அவங்க வீட்டுக்காரரை நெனச்சு அழ ஆரம்பிச்சாங்க. கம்பெனிக்கு நானும் கொஞ்சம் அழுதேன். எறங்கும்போது ஜாடியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாங்க.

புது வீட்டுக்காரரு துணியை அவுத்து, ஜாடியை டிவி பக்கத்துல வச்சு, தள்ளி நின்னு பாத்தாரு. "சூப்பருங்க. இதுக்கோசரம்தான் அந்த எடத்தைக் காலியா வுட்டிருந்தேன்." பர்ஸை எடுத்தாரு. என் வாழ்க்கையில ரொம்ப நல்ல நிமிசம் அது.

வாசல்ல செருப்பு வுடற சத்தம். "எங்கம்மாதான். திண்டிவனத்துல தங்கச்சி வூட்டுக்குப் போயிருந்தாங்க"ன்னாரு.

அதே அம்மா. கையில பூ. மொட்டையைப் பாத்தாங்க, என் கையில இருந்த வேட்டித் துணியைப் பாத்தாங்க, ஷோகேஸைப் பாத்தாங்க.

"டேய், பெரியவரை ஏன்டா டிவி பக்கத்துல வச்சிருக்கே?"

"அம்மா, அது வெறும் ஜாடிம்மா"ன்னேன்.

"அப்ப பஸ்ல எதுக்கு அழுதே?"

"உள்ள ஒண்ணுமே இல்லம்மா, நீங்களே பாருங்க"ன்னு மூடியைத் தெறந்து காட்டினேன்.

சாம்பல். கொட்ட மறந்திருந்தேன்.

அந்த அம்மா அப்படியே சோபாவுல உக்காந்துட்டாங்க. அவரு பர்ஸை மூடிட்டாரு.

"அடுப்புச் சாம்பல்மா..."

"எந்த அடுப்புடா?"

ஜாடியைத் தூக்கிக்கினு நான் கேட்டைத் தாண்டறதுக்குள்ள, பின்னாடி வீடு கழுவுற சத்தம் கேட்டுச்சு.

சாம்பலைத் தெரு முனையில கொட்டிட்டு, மூடி ஆடாம இருக்கணும்னு திரும்ப அதே துணியைக் கட்டிக்கினு பஸ் ஸ்டாண்டு வந்தேன். அதே பஸ். அதே கண்டக்டர். பதறிப்போய்க் கேட்டாரு.

"இன்னும் கரைக்கலீங்களா?"

இந்தத் தடவை உண்மையைத்தான் சொன்னேன். "இல்லீங்க. உப்புத் தண்ணிதான்னு வீட்ல முடிவு பண்ணிட்டாங்க."

"கடலா, இன்னும் புண்ணியங்க"ன்னு சொல்லிட்டு, ஜன்னலோரம் இருந்தவரை எழுப்பி வுட்டாரு.